மழை நனைத்த தானியமும் மறந்துபோன பக்கமும்



வணிகம் நம் சமுதாயத்தின் பழம்பெருந் தொழில். கடல் கடந்து வாணிபம் செய்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம் என்று மேடைதோறும் பெருமையுடன் பேசுகிறோம். அந்தப் பெருமைக்கு உரியவர்களாக நாம் இன்று இருக்கிறோமா என்பதுதான் கேள்வி. நம் வீட்டுப் பிள்ளைகள் நடத்தும் வணிகத்தில் இப்போது புதிதாக ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதுதான் இணையதளம். ஜவுளிக்கடை, காலணிக்கடை, உம்ரா பயண நிறுவனம், வீட்டிலிருந்தபடியே புர்கா தைத்து விற்கும் சகோதரியின் சிறுதொழில் என்று பலவும் தமக்கென ஓர் இணையதளத்தைக் கொண்டிருக்கின்றன.

தொடங்கும் நாளில் துஆ ஓதுகிறோம், இனிப்பு வழங்குகிறோம், உற்றார் உறவினர் அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி மகிழ்கிறோம். அதன்பின் என்ன நடக்கிறது? கடையை அன்றாடம் கூட்டிப் பெருக்குகிறோம். கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கிறோம். ஆனால் அந்த இணையதளத்தை மட்டும் ஆண்டுக்கணக்கில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய விலை, வேலையை விட்டுச் சென்றுவிட்டவரின் கைபேசி எண், எப்போதோ முடிந்துபோன பெருநாள் தள்ளுபடி ஆகியவை அங்கே அப்படியே நிற்கின்றன. இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களும் உண்டு. இம்மாதம் அது குறித்தே சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

ஊர் அசையவில்லை, முகவரி அசைந்தது

வணிகத்தில் மாறாத ஒன்று உண்டென்றால் அது கடையின் முகவரிதான் என்று நினைப்போம். அதுவும் மாறும் என்பதற்கு வெளியூரில் சான்று தேட வேண்டியதில்லை. நம் கண்டாச்சிபுரமே போதும்.

1993 செப்டம்பர் 30 வரை இவ்வூர் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது நமக்குக் கிடைத்த பெயர் விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம் என்பது. 1997இல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அது விழுப்புரம் மாவட்டம் ஆயிற்று. திருக்கோவிலூர் வட்டத்தில் இருந்த கண்டாச்சிபுரம் தனி வட்டமாயிற்று. 2019இல் கள்ளக்குறிச்சி புதிய மாவட்டமாக உருவானபோது திருக்கோவிலூர் அதனுடன் சென்றது. கண்டாச்சிபுரம் விழுப்புரத்துடனேயே நின்றது. ஊர் ஓர் அங்குலமும் நகரவில்லை. ஆயினும் மாவட்டமும் வட்டமும் ஒரு தலைமுறைக்குள் இத்தனை முறை மாறிவிட்டன.

இப்போது ஒரு கடையின் இணையதளத்தில் 'கண்டாச்சிபுரம், திருக்கோவிலூர் வட்டம்' என்ற பழைய முகவரி இன்னும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். வாங்கிய பொருளில் குறை கண்ட ஒருவர் முறையிட விரும்புகிறார். திருக்கோவிலூர் இன்று எந்த மாவட்டம் என்று பார்த்துக் கள்ளக்குறிச்சிக்கு மனு அனுப்புகிறார். அங்கே, இது எங்கள் எல்லையில் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அவருடைய பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் வீண். அந்தக் கடைக்காரர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் எழுதிய நாளில் அது முழு உண்மை. காலம் நகர்ந்தது, எழுத்து நகரவில்லை. நேற்றைய உண்மை இன்றைய பொய்யாக மாறுவது இப்படித்தான்.

மூன்று எடுத்துக்காட்டுகள்

முகவரிக்கே இந்த நிலை என்றால், அதைவிட விரைவாக மாறுபவை எத்தனை! மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது விலை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. வரி விகிதங்கள் மாற்றி அமைக்கப்பட்டன. அதற்கு முன்பு ஆயத்த ஆடைகளில் ஆயிரம் ரூபாய் வரை விலையுள்ளவற்றுக்கு 5 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 12 விழுக்காடும் வரி இருந்தது. இப்போது 2,500 ரூபாய் வரை 5 விழுக்காடு; அதற்கு மேல் 18 விழுக்காடு. கணக்கிட்டுப் பாருங்கள். வரி நீங்கலாக 2,000 ரூபாய் விலையுள்ள ஓர் ஆடை முன்பு 2,240 ரூபாய். இப்போது 2,100 ரூபாய். பழைய விலையே பக்கத்தில் நின்றால், வாங்குபவர் 140 ரூபாய் அதிகம் என்று நினைத்து வேறு கடைக்குப் போய்விடுவார். அல்லது அறியாமல் அந்த அதிகத் தொகையையே செலுத்திவிடுவார். முன்னதில் உங்களுக்கு நட்டம். பின்னதில் அவருக்கு அநீதி. வரி நீங்கலாக 3,000 ரூபாய் ஆடை என்றால் 3,360 ரூபாயாக இருந்தது 3,540 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. பக்கத்தில் குறைந்த விலையைப் பார்த்துப் பணத்தை எண்ணிக்கொண்டு வந்த ஏழைத் தந்தை, கடையில் பிள்ளையின் முன்னால் 180 ரூபாய்க்குத் தடுமாறி நிற்க நேரும்.

இரண்டாவது நாட்காட்டி. நம் மாதங்கள் பிறையைக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. பிறை ஆண்டு ஏறத்தாழ 354 நாள் கொண்டது. ஆகவே ரமலான் ஆண்டுதோறும் பத்து அல்லது பதினோரு நாள் முன்னதாக வருகிறது. 2024இல் மார்ச் இரண்டாம் வாரத்தில் தொடங்கிய நோன்பு 2025இல் மார்ச் முதல் வாரத்திலேயே தொடங்கியது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக இரண்டு ரமலான்கள் வரவிருக்கின்றன. பிற பண்டிகைகளை நம்பி வணிகம் செய்பவர் சென்ற ஆண்டின் அறிவிப்பைத் தூசு தட்டி ஏறக்குறைய அதே நாட்களில் மாட்டிவிடலாம். நமக்கு அது இயலாது. சென்ற ஆண்டின் சஹர், இஃப்தார் நேர அட்டவணையை ஆண்டைத் திருத்தாமல் விட்டுவைக்கும் ஓர் இணையதளம், வணிகத்தை மட்டுமா கெடுக்கிறது? ஒருவருடைய நோன்பையே கெடுக்கக்கூடும் அல்லவா?

மூன்றாவது பயணம். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெருந்தொற்றின் காரணமாக இந்தியாவிலிருந்து ஹாஜிகள் செல்ல இயலவில்லை. 2022இல் மீண்டும் வழி திறந்தபோது புறப்பாட்டு நிலையங்களின் பட்டியலில் சென்னை இல்லை. தமிழகத்து ஹாஜிகள் கொச்சிக்குச் சென்று விமானம் ஏறினார்கள். 2023இல் சென்னை மீண்டும் சேர்க்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குள் இத்தனை மாற்றங்கள்! வாழ்நாள் முழுதும் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்துடன், தள்ளாத வயதில் பயணம் புறப்படும் ஒரு முதியவரின் குடும்பம், பழைய பக்கத்தை நம்பித் திட்டமிட்டால் என்ன ஆகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பக்கமே கண்ணாக இருப்பவர்கள்

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். உள்ளூர்க்காரர் கடைக்கு நேரில் வருவார். பொருளைத் தொட்டுப் பார்ப்பார். விலையைக் கேட்டுத் தெளிவார். அவருக்கு உங்கள் இணையதளம் ஒரு கூடுதல் வசதிதான். ஆனால் குவைத்திலோ துபாயிலோ உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு சகோதரருக்கு அப்படியன்று. பெருநாளைக்கு மனைவி மக்களுக்கு ஆடை எடுத்து அனுப்பச் சொல்கிறார்; தாயாரின் பெயரில் கூட்டுக் குர்பானியில் ஒரு பங்கு சேர்க்கச் சொல்கிறார். அவருக்கு உங்கள் கடையின் வாசலும், பொருளும், உங்கள் முகமும் எல்லாம் அந்த ஒரு பக்கந்தான். அவர் கண்ணை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார் என்றே சொல்ல வேண்டும். அந்த அமானிதத்தை நாம் எப்படிப் பேணுகிறோம்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துக் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்கையில் அதனுள் கையை விட்டுப் பார்த்த வரலாறு நம் பிள்ளைகளும் அறிந்ததே. மேலே உலர்ந்திருந்தது, உள்ளே விரல்கள் ஈரத்தை உணர்ந்தன. இது என்ன என்று வினவியபோது, மழை நனைத்துவிட்டது என்றார் அந்த வணிகர். அவர் சொன்னது பொய்யன்று. தானியத்தை நனைத்தது அவருமல்லர். ஆயினும், மக்கள் காணும்படி நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்றே நபியவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். இந்தச் செய்தி முஸ்லிம் என்னும் ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியுள்ளது.

இன்று நாம் சொல்லும் சாக்கு எது? 'நான் தவறாக எழுதவில்லை. விலை பிறகு மாறிவிட்டது. நேரம் பிறகு மாறிவிட்டது' என்கிறோம். மழை நனைத்தது என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? காலம் என்னும் மழை நம் எழுத்தை நனைத்துக்கொண்டேதான் இருக்கும். அது நம் குற்றமன்று. நனைந்தது தெரிந்த பின்னும் மேலே எடுத்து வைக்காமல் இருப்பதுதான் நம் குற்றம்.

புதுமை வேறு, புதுப்பூச்சு வேறு

பழையதைப் புதுப்பிக்க வேண்டும் என்றவுடன் சிலர் வேறொரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். நாள்தோறும் எதையாவது எழுதிக் கொட்டினால் தேடுபொறியில் நம் கடை முதலில் வரும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இதில் சிறிதளவு உண்மை உண்டு. 2011 நவம்பரில் கூகுள் நிறுவனம் அண்மைச் செய்திகளைத் தேடுவோருக்குப் புதிய பக்கங்களை முன்னே காட்டும்படி தன் முறையை மாற்றியது. ஆனால் அதே நிறுவனம் இணையதளம் நடத்துவோருக்குக் கூறும் அறிவுரையில், உள்ளடக்கத்தைப் பெரிதாக மாற்றாமல் தேதியை மட்டும் மாற்றிப் புதியதுபோல் காட்டுவதைத் தவறென்றே சுட்டுகிறது. தளம் புதியதாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே நிறையச் சேர்ப்பதும் நிறைய நீக்குவதும் பயன் தராது என்றும் சொல்கிறது.

பழைய அரிசியைப் புதிய சாக்கில் கட்டுவது போன்றதுதான் தேதியை மட்டும் மாற்றுவது. இங்கும் நிய்யத்தே அளவுகோல். படிப்பவருக்குப் பயன்பட வேண்டும் என்று மாற்றுகிறீர்களா, படிப்பவரை ஏமாற்றி இழுக்க வேண்டும் என்று மாற்றுகிறீர்களா? மாதம் ஒரே ஒரு திருத்தம் செய்தாலும் அது மெய்யான திருத்தமாக இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை

இனி நடைமுறைக்கு வருவோம். இதற்குப் பெரிய படிப்போ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. ஒழுங்குதான் வேண்டும்.

முதலில், இணையதளத்தில் உள்ள பக்கங்கள் அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது எப்போது பழசாகும் என்று குறியுங்கள். மூன்று வகையாகப் பிரிந்துவிடும். நாள்தோறும் மாறுபவை: தங்கத்தின் விலை, இறைச்சி விலை, கையிருப்பு. பருவந்தோறும் மாறுபவை: பெருநாள் அறிவிப்பு, நோன்புக்காலக் கடை நேரம், பள்ளிச் சீருடை விற்பனை, உம்ரா பயணக் கட்டணம். ஆண்டுக்கொரு முறையேனும் சரிபார்க்க வேண்டியவை: முகவரி, தொலைபேசி எண், வரி, உரிமம், பொருளைத் திருப்பித் தரும் விதிகள்.

நாள்தோறும் மாறுவதை நாள்தோறும் மாற்ற உங்களால் இயலாது என்றால், அதை எழுதவே எழுதாதீர்கள். 'இன்றைய விலைக்குத் தொலைபேசியில் கேட்கவும்' என்ற ஒரு வரி, சென்ற ஆண்டின் விலையைவிட ஆயிரம் மடங்கு மேலானது. காப்பாற்ற இயலாத வாக்கைக் கொடுக்காமல் இருப்பதும் நேர்மைதான்.

அடுத்து, பொறுப்பு ஒருவருக்கு இருக்கட்டும். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். மகனோ, கல்லூரியில் பயிலும் மகளோ, கடைக் கணக்கரோ, யாராயினும் ஒருவர். அவருக்கு ஒரு நாள். வெள்ளிக்கிழமை காலையில் அரை மணி நேரம் போதும். அவர் வெளியூர் வாடிக்கையாளர்போல் தம்மைப் பாவித்து, கைபேசியில் கடையின் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு எண்ணையும் அழைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு விலையையும் கடைச்சீட்டுடன் ஒப்பிட வேண்டும்.

அறிவிப்பு எதுவாயினும் தொடங்கும் நாளும் முடியும் நாளும் ஆண்டும் சேர்த்து எழுதுங்கள். 'பெருநாள் வரை தள்ளுபடி' என்பது எந்தப் பெருநாள்? விலைப் பட்டியலின் தலைப்பில், சரிபார்த்த தேதியைக் குறியுங்கள். அது வாங்குபவருக்கு உரிமை தருகிறது. உங்களுக்கு நினைவூட்டலாகவும் இருக்கிறது.

மாற்றம் நேர்ந்தால் அதை மூலையில் ஒளித்து வைக்காதீர்கள். கடை இடம் மாறியிருந்தாலும், ஒரு பொருள் விற்பனையில் இல்லையென்றாலும், பயணத் தேதி தள்ளிப்போனாலும் அதை முகப்பிலேயே எழுதுங்கள். நனைந்த தானியத்தை மேலே வைப்பது என்பது இதுவே.

சட்டமும் இதை வற்புறுத்துகிறது. 2020 ஜூலையில் வெளியான மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இணையத்தின் வழி விற்பனை நடத்தும் நிறுவனங்கள் தம் முறையான பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர்க்கும் அலுவலரின் பெயர் முதலியவற்றைத் தெளிவாகக் காட்ட வேண்டும். முறையீடு வந்த 48 மணி நேரத்திற்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். அந்த அலுவலர் விலகிய பின்னும் அவர் பெயரே பக்கத்தில் நின்றால், முறையீடு யாரிடம் போய்ச் சேரும்?

அழித்துவிடுவதே வழியா?

பழையதை எல்லாம் அழித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றும் எண்ணிவிடாதீர்கள். உலகளாவிய வலை என்னும் இந்த அமைப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, 1998இல் எழுதிய ஒரு கட்டுரையில் பக்கத்தின் முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கலாகாது என்பதை விளக்கியிருக்கிறார். நீங்கள் முன்பு அனுப்பிய இணைப்பை யாரோ ஒருவர் தம் குறிப்பில் சேர்த்து வைத்திருப்பார். ஓராண்டு கழித்து அதைத் தொடும்போது வெறும் பிழைச் செய்தி வந்தால், கடையையே மூடிவிட்டார்கள் என்று கருதுவார். ஆகவே பக்கத்தின் முகவரி அப்படியே இருக்கட்டும். உள்ளே இருப்பது புதுப்பிக்கப்படட்டும். விற்பனை நின்றுபோன பொருளாயின், நின்றுவிட்டது என்று எழுதி, அதற்கு ஈடானதைக் காட்டுங்கள்.

வேறோர் ஆபத்தும் உண்டு. உங்கள் தளம் யார் இடத்தில் நிற்கிறது, அதன் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? இலவசமாகக் கிடைத்த இடம் ஒருநாள் இல்லாமற்போகும். 2009இல் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் என்ற தன் இலவசச் சேவையை மூடியபோது எண்ணற்ற பக்கங்கள் மறைந்தன. அண்மையில் 2024 மார்ச்சில், சிறு வணிகர்களுக்காகத் தான் இலவசமாக அமைத்துத் தந்த இணையதளங்களைக் கூகுள் நிறுத்திவிட்டது. அந்த முகவரியைக் கடைப்பலகையிலும் பையிலும் அச்சிட்டு வைத்தவர்கள் பலர்.

கட்டணம் செலுத்திப் பெற்ற பெயருக்கும் கெடு உண்டு. உரிய நாளில் புதுப்பிக்காமல் விட்டால், கெடு கடந்தபின் அந்தப் பெயரை வேறு எவரும் வாங்கலாம். உங்கள் கடையின் பெயரைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். ஆகவே பெயர்ப் பதிவு உங்கள் பேரிலேயே இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதியைக் கடைவாடகைத் தேதியைப்போல் குறித்து வையுங்கள். கடவுச்சொல்லைத் தளம் அமைத்துக் கொடுத்தவரிடம் மட்டும் விட்டுவிடாமல் வீட்டில் நம்பிக்கையான இருவருக்குத் தெரியும்படி செய்யுங்கள்.

வீட்டார்க்கு ஒரு சொல்

சகோதரிகளே, இது ஆண்களின் கடை விவகாரம் என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு கடையின் பக்கத்தைத் திறந்து விலை பார்ப்பவர்களில் நீங்களும் உண்டு. தைத்தும் சமைத்தும் விற்பவர்களும் நீங்களே. உங்கள் கணவர் கடையின் பக்கத்தில் பழைய எண் இருப்பதை முதலில் காணக்கூடியவர் நீங்கள். கண்டவுடன் சொல்லுங்கள். அது குறை கூறுவதாகாது. குடும்பத்தின் நற்பெயரைக் காப்பதாகும். புதிதாகப் படங்கள் வேண்டும் என்பதற்காக வாடிக்கையாளர் வீட்டுப் பெண்களின், பிள்ளைகளின் படங்களை அவர்தம் இசைவின்றி வெளியிடுவதையும் அனுமதியாதீர்கள். புதுமையைவிட மானம் பெரிது.

பெரியோர்களே, இளைஞர்களிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று கையைக் கழுவிவிடாதீர்கள். கணிப்பொறி அவர்களுக்குத் தெரியும். வணிகத்தின் வாக்கு உங்களுக்குத் தெரியும். இரண்டும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் பக்கம் உண்மை பேசும்.

இந்த இதழை மூடி வைத்தவுடன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கடையின் பக்கத்தைத் திறந்து, அதில் உள்ள முகவரி, எண், விலை ஆகிய மூன்றை மட்டும் படியுங்கள். மூன்றும் இன்று உண்மையாக இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். ஒன்று தவறாக இருந்தாலும் நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே திருத்துங்கள். எங்கோ தொலைவில் இருந்து அதை நம்பிப் படிக்கும் ஒருவரை நீங்கள் நேரில் காணப்போவதில்லை. அவர் உங்களைக் குறை சொல்லப்போவதுமில்லை. ஏமாற்றத்துடன் மௌனமாக விலகிவிடுவார். ஆனால் அவருடைய ஏமாற்றமும் நம் கணக்கில் எழுதப்படும் என்பதை மறவாதிருப்போம்.

நம் வாக்கையும் வணிகத்தையும் வல்ல அல்லாஹ் தூய்மையாக்கி அருள்வானாக! வஸ்ஸலாம்.